வீட்டு நாயும் வீட்டு ஒழுங்கும்

அரக்கோணம், திருத்தணி வட்டார நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் வழக்கம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் அதனைக் கண்ட அங்கத்தினர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். ஈரம் உலராத பாவின் கீழே வீட்டு நாய் புகும். கஞ்சியை உணவென எண்ணி நக்கும். விரட்டினால் இழைகளினூடே பாயும். அறுந்த இழைகளை முடிந்து தீர்வதற்குள் வெயில் ஏறிவிடும். வீட்டிற்குள்ளும் தொல்லை உண்டு. தறிக்குழி குளிர்ச்சியாக இருப்பதால் நாய் அங்கே படுக்கும், தார்க்கூடையைக் கவிழ்க்கும். பயிர்த்தொழில் செய்வோர் வீட்டில் களத்து வேர்க்கடலையைத் தின்னும். உடனே நாம் கோலை எடுக்கிறோம்.

எஜமானன் யார் என்பதை நாய்க்கு அடித்தே காட்டவேண்டும் என்பது பலரது அபிப்பிராயம். இது நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்னும் அறிஞர் அடைப்பில் இருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகப் போட்டியிடுவதாக எழுதினார். அமெரிக்கரான டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூலும் அக்கருத்தைப் பரப்பிற்று. பின்னர், கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த மெக், 1999இல் அதனைத் தாமே திருத்தினார். காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்றார். பழக்கமில்லாத பத்துப் பேரை ஓர் அறையில் பூட்டிவைத்துக் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்தது போலாயிற்று முந்தைய ஆராய்ச்சி!

ஆகவே நாய்க்குத் தலைவராயிருப்பது உணவும் ஒழுங்கும் தரும் பெற்றோராயிருப்பதேயாகும். குறித்த வேளையில், அதற்கெனவுள்ள தட்டில் உணவு வையுங்கள். நாய் உட்கார்ந்த பின்னரே தட்டு கீழிறங்க வேண்டும். தம் இலையிலிருந்து யாரும் எடுத்துப் போடலாகாது. இதில் பாட்டிமார்களைக் கட்டுப்படுத்துவதே கடினம்!

சொல்லும் ஒன்றாயிருத்தல் அவசியம். நம் எல்லைப்புறத்தில் ஒரே வீட்டில் தகப்பனார் ‘வா’ என்பார். அம்மாயி ‘ரா’ என்பார். ‘போ’ ஒன்றே இரு மொழிக்கும் பொது. நாய் இரண்டையும் கற்கும். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் புதுச்சொல் கூறினால் எதனையும் கல்லாது. எந்தச் சொல் என்பதை வீட்டார் கூடி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தறிக்கு எட்டத்தில் ஒரு பழஞ்சாக்கை விரித்து, ‘இடம்’ என்று சொல்லி நாயை அங்கே அழையுங்கள். படுத்தவுடன் இட்லித் துண்டோ வெந்த முட்டைத் துண்டோ கொடுங்கள். ‘உடன்’ என்பதே முக்கியம். சற்றுப் பிந்தினாலும் எதற்காகக் கிடைத்தது என்பது நாய்க்கு விளங்காது. முதலில் தறி ஓடாத நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று முறையாகப் பழக்கி, நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டிப் பிறகு தறியை ஓட்டுங்கள்.

காலையில் கடித்த நூற்கண்டிற்காக மாலையில் அடிப்பது வீண். தலைகுனிந்து நிற்கிறதே, குற்றம் உணர்ந்துதானே என்பார்கள். நியூயார்க்கில் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனையில், குற்றமே செய்யாத நாயும் எஜமானர் கடிந்துகொண்டபோது அவ்வாறே நின்றது. அடிபட்டு அஞ்சிய நாய் உறுமுவதை விட்டு, ஒருநாள் எச்சரிக்கையின்றிக் கடித்துவிடக்கூடும். அக்கடி பெரும்பாலும் வீட்டுக் குழந்தையின்மேல் விழும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது என்று குழந்தைகளுக்கு முதலில் கற்பியுங்கள்.

குட்டிக்கு மூன்று மாதமானதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும்படி மறு ஊசியும் ஆண்டுதோறும் ஊசியும் போடச் செய்யுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடுநீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு தடவலாகாது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி செல்லும் காவடிகளின் மேளத்திற்கு நாய் வெகுண்டு குரைக்குமாயின், சில வாரங்களுக்கு முன்பே தொலைவில் மெல்லிய பறையொலி கேட்கச்செய்து, அப்போதே உணவும் கொடுத்து வாருங்கள். ஒலியை நாளடைவில் நெருங்கச்செய்யலாம். இவ்வாண்டு நேரம் போதாவிட்டால், அன்று அதனைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்திவைப்பதே நலம்.