மணலில் எழுதிய பாடம்

எங்கள் நான்காம் வகுப்பில் பீகாரிலிருந்து ஒரு மாணவி சேர்ந்தாள். பெற்றோருக்கு நூற்பாலையில் வேலை. மூன்று வாரமாகியும் அவள் வாய் திறக்கவில்லை. தமிழ் தெரியாதவளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று நானும் கடைசி வரிசையிலேயே விட்டுவிட்டேன்.

ஒருநாள் வகுப்பில் தரங்கம்பாடியின் கதையைச் சொன்னேன். 1706 ஜூலையில் சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரு ஜெர்மானியர்கள் அங்கு வந்திறங்கினர். டென்மார்க் அரசர் அனுப்பிய சமயப் பணியாளர்கள் அவர்கள். ஊர் புதிது, மொழி தெரியாது. வயதான தமிழாசிரியர் ஒருவரை அழைத்து, அவருடைய பள்ளியைத் தங்கள் வீட்டிலேயே நடத்தச் சொன்னார்கள். சீகன்பால்கு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அதே ஊரில் அச்சாகி நிறைவுபெற்றது.

கதை முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "அப்போ இவளுக்கும் நாமளே சொல்லிக்கொடுக்கலாமா டீச்சர்?" எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் தட்டில் மணல் பரப்பினோம். பிள்ளைகள் தமிழில் 'அ' எழுதினார்கள். அவள் பக்கத்திலேயே இந்தியில் 'அ' எழுதினாள். அதைப் பார்த்து நான் எழுதியது தவறாகிவிட்டது. என் விரலைப் பிடித்துத் திருத்தினாள், முதன்முறையாகச் சிரித்தாள்.

இப்போது தினமும் பத்து நிமிடம் மணல்தட்டு நேரம். அவள் 'தண்ணீர்' என்கிறாள். வகுப்பே 'பானி' என்கிறது.

உங்கள் வகுப்பிலும் பேசாத குழந்தை இருக்கிறதா? முதலில் அதனிடம் நாம் ஒரு சொல் கற்றுக்கொள்வோம்.