உலாவி எச்சரிக்கும்போது நாம் செய்ய வேண்டியவை

இணைய வங்கிச் சேவைக்குள் நுழைய முற்படும்போது, 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று' என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை சில வேளைகளில் திரையில் தோன்றுகிறது. காப்பீட்டுத் தவணைக்கோ கல்விக் கட்டணத்துக்கோ அன்றே கடைசி நாள் என்றால், அதைப் பொருட்படுத்தாமல் மேலே செல்லவே மனம் விழையும். அவ்வாறு செல்லாமல், காரணத்தை முதலில் அறிவதே நம் பணத்துக்குக் காப்பு.

ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் தன் அடையாளத்துக்கு ஒரு மின்னணுச் சான்றிதழை வைத்திருக்கிறது. அது நாம் நாடிய முகவரிக்கு உரியதா, அதன் காலம் முடியாமல் இருக்கிறதா, நம்பத்தக்க நிறுவனம் அதை வழங்கியிருக்கிறதா என மூன்றையும் உலாவி சரிபார்க்கிறது. ஒன்று பொருந்தாவிடினும் எச்சரிக்கை எழும். எதிரில் இருப்பது மோசடித் தளம் என்பது அதன் பொருளன்று. எதிரில் இருப்பவர் யார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே பொருள். அடையாளம் தெரியாதவரிடம் கையொப்பமிட்ட காசோலையை நாம் கொடுப்பதில்லை அல்லவா?

முதலில், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வேறிரு தளங்களைத் திறந்து பார்ப்போம். அவற்றிலும் எச்சரிக்கை தோன்றினால், குறை பெரும்பாலும் நம் கருவியிலோ இணைய இணைப்பிலோ இருக்கும். ஒரு தளத்தில் மட்டும் தோன்றினால், அத்தளத்தையோ நாம் தட்டச்சு செய்த முகவரியையோ ஐயுற வேண்டும்.

கருவியில் நாம் காண வேண்டியது நாளும் நேரமும். பழைய மேசைக் கணினியின் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்சென்றுவிடும். செல்லுபடியாகும் சான்றிதழும் அப்போது செல்லாததாகத் தோன்றும். தேதியைத் தானாகவே அமைத்துக்கொள்ளும் வசதியை இயக்கினால், பெரும்பாலும் இது தீரும். மீண்டும் மீண்டும் நேர்ந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும்.

அடுத்தது இணைப்பு. தங்கும் விடுதிகளிலும் பொது இடங்களிலும் கிடைக்கும் வைஃபை, தன் நுழைவுப் பக்கத்தைக் காட்டுவதற்காக இடைமறிப்பதாலும் எச்சரிக்கை எழக்கூடும். அதை விடுத்து, கைப்பேசியின் சொந்த இணைய இணைப்பில் முயல்வோம். வங்கிப் பணிகளுக்குப் பொது வைஃபையைத் தவிர்ப்பதே நன்று.

காலங்கடந்த மென்பொருளும் காரணமாகலாம். 2021 செப்டம்பர் 30 அன்று, 'லெட்ஸ் என்கிரிப்ட்' வழங்கிய சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. தளங்களில் குறையில்லாதபோதும், புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றில் அவை திறக்க மறுத்தன. உலாவியையும் இயங்குதளத்தையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் உரிய காலத்தில் புதுப்பித்துவந்தால் இத்தொல்லை குறையும்.

முகவரியை எழுத்தெழுத்தாகப் படிப்பதும் இன்றியமையாதது. நம் நாட்டு வங்கிகள் தங்கள் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், முகவரியை நாமே தட்டச்சு செய்வோம்.

எச்சரிக்கை தோன்றாததனாலேயே ஒரு தளம் நேர்மையானதாகிவிடாது. மோசடித் தளங்களும் முறையான சான்றிதழைப் பெற முடியும். பூட்டுச் சின்னத்தைப் பலர் நம்பகத்தின் முத்திரையெனக் கருதியதால், 2023-இல் குரோம் உலாவி முகவரிப் பட்டையிலிருந்து அதை நீக்கியது.

இவ்வளவும் செய்தபின் எச்சரிக்கை நீங்காவிடில், கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ உள்ளிடாமல், அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைப்போம். அவசரமெனில் கிளையில் பணத்தைச் செலுத்தலாம். ஐயத்துக்குரிய பக்கத்தில் விவரங்களை ஏற்கெனவே தந்திருந்தால், உடனே வங்கிக்குத் தெரிவித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுவோம். பணம் பறிபோயிருந்தால், 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அக்கணமே அழைக்க வேண்டும். எவ்வளவு விரைந்து அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.