கேமரா சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் எந்த சிப்?



நம்ம பயாலஜி லேபில் இருக்கிறது ஒரே ஒரு நல்ல மைக்ரோஸ்கோப். வெங்காயத் தோலின் செல்லைப் பார்க்க வகுப்பே வரிசையில் நிற்கணும். ஆளுக்கு அரை நிமிஷம்தான் கிடைக்கும். அதன் மேலே ஒரு கேமரா சென்சாரைப் பொருத்திப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டினால் எல்லோரும் சேர்ந்தே பார்க்கலாம். அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் குழு இதைத்தான் செய்யப்போகிறது. கையில் இருக்கும் பணத்தில் ஒரு தடவைதான் வாங்க முடியும். அதனால் எந்த சிப் வாங்கலாம் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

"வெப்கேம் வாங்கினா போதாதா?" என்று கேட்பீங்க. போதும். ஆனால் அதற்குள்ளேயும் இதே வேலையைச் செய்யும் ஒரு சிப் இருக்கு. அது என்ன செய்யுதுன்னு கத்துக்கத்தான் இந்த முயற்சி.

சென்சாரை நேராகச் செருக முடியாதா?

முடியாது. ஓவி7670 என்ற சின்ன சென்சாரை எடுத்துக்கொள்வோம். அது 8 கம்பிகளில், ஒரு துடிப்புக்கு ஒரு பைட் வீதம், படத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். யுஎஸ்பியில் அப்படி இல்லை. கம்ப்யூட்டர் கேட்டால்தான் தரணும், அதுவும் பொட்டலம் பொட்டலமாக.

மூடவே முடியாத தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்க. ஒரு குடம் நிரம்பியதும் உடனே அடுத்த குடத்தை வைக்கணும். இல்லைன்னா தண்ணீர் வீண். குடம் மாற்றும் ஆள்தான் இந்த இடைமுகச் சிப்.

முதலில் பெருக்கல், பிறகு கடை!

படத்தின் அளவு: 640 × 480 = 3,07,200 புள்ளிகள்
ஒரு புள்ளிக்கு 2 பைட்: 6,14,400 பைட்
நொடிக்கு 30 படம்: 1,84,32,000 பைட்

அதாவது நொடிக்குச் சுமார் 18.4 மெகாபைட். இதை யார் தாங்குவார்கள்?

1. ஆர்டுயினோ உனோ: இதன் ரேம் வெறும் 2,048 பைட். ஒரு படம்கூட உள்ளே அடங்காது. 1,15,200 பாட் வேகத்தில் நொடிக்கு 11,520 பைட்தான் போகும். ஒரு படம் வந்து சேரவே 53 நொடி ஆகும். அதற்குள் அமீபா நகர்ந்து போயிடும்!

2. யுஎஸ்பி ஃபுல் ஸ்பீடு சிப்கள்: நொடிக்கு 12 மெகாபிட். சுமார் 2 படம்தான் வரும்.

3. எஃப்எக்ஸ்2எல்பி: யுஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட். ஏட்டில் 60 மெகாபைட் என்றாலும் நடைமுறையில் 30 முதல் 40 வரைதான் கிடைக்கும். நமக்கு அது தாராளம். 512 பைட் பிடிக்கும் நான்கு 'குடங்களை' இதில் மாற்றி மாற்றி வைக்கலாம்.

4. எஃப்எக்ஸ்3: யுஎஸ்பி 3.0, நொடிக்கு 5 கிகாபிட். 1920 × 1080 படம் என்றால் நொடிக்கு 124 மெகாபைட் வரும். அதற்கு இதுதான் சரி. நமக்கு அவ்வளவு தேவையில்லை.

(3, 4 இரண்டும் சைப்ரஸ் நிறுவனத்தின் சிப்கள். 2020-இல் அந்த நிறுவனத்தை இன்ஃபினியான் வாங்கியது.)

வேகம் மட்டும் போதாது!

• கம்பி வகை: போன் கேமரா சென்சார்களில் பெரும்பாலும் மிப்பி என்ற வகைதான் இருக்கும். அதை எஃப்எக்ஸ்3-இல் நேராக இணைக்க முடியாது. அதற்கென்றே சிஎக்ஸ்3 என்ற சிப் இருக்கு.
• வோல்டேஜ்: சென்சாரும் சிப்பும் ஒத்துப்போகணும். இல்லைன்னா சென்சார் கருகிடும்.
• யுவிசி: சிப்பின் புரோகிராம் இந்த விதிப்படி இருந்தால், தனி டிரைவர் போடாமலே கம்ப்யூட்டர் அதைக் கேமரா என்று புரிந்துகொள்ளும்.

ஆக, எங்கள் வேலைக்கு ஓவி7670-உம் எஃப்எக்ஸ்2எல்பியும் போதும். பெரிய சிப்தான் நல்ல சிப் என்பதில்லை. கணக்குக்குப் பொருந்துவதே நல்ல சிப்.

யோசிங்க: கறுப்பு வெள்ளை சென்சார், 1280 × 720 புள்ளிகள், புள்ளிக்கு 1 பைட், நொடிக்கு 30 படம். எஃப்எக்ஸ்2எல்பி தாங்குமா? விடையை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்க!