ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறோம்?



வைவாவில் எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் சில கேள்விகளுக்குள் "கூலிங் சிஸ்டத்தின் வேலை என்ன?" என்பது எப்படியும் வந்துவிடும். "என்ஜினைக் குளிர வைப்பது சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்போம். அது பாதி பதில்தான். என்ஜினை அதற்குரிய சூட்டில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. சூடு கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. இந்த வித்தியாசம் புரியாததால் ரோட்டோரம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் லாரிகளைத் தொப்பூர் ஏற்றத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

டீசல் எரிந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியே போகிறது, மீதி ஒரு பங்கைக் கூலிங் தண்ணீர் சுமக்கிறது என்பது நாம் படித்த புத்தகக் கணக்கு. இன்றைய டர்போ என்ஜின்களில் வேலையின் பங்கு கூடியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் தண்ணீர் சுமக்கிற பாரம் சின்னதல்ல. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் அப்பா லாரி டிரைவர். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான்தான். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த பழக்கம் இது: வண்டி எங்கே நின்றாலும் கிளீனர் அண்ணன் குடத்தை எடுத்துக்கொண்டு போவார். போர் தண்ணியோ கிணற்றுத் தண்ணியோ, கிடைத்ததை ரேடியேட்டரில் ஊற்றுவார். "தண்ணி தானே!" என்பார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வீட்டு அடுப்பில் போர் தண்ணியைக் கொதிக்க வைத்த பாத்திரத்தை உள்ளே பார்த்தால் போதும். வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். அதே வேலைதான் என்ஜினுக்குள்ளும் நடக்கிறது. கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. எந்த இடம் அதிகச் சூடோ அங்கேதான் முதலில் படியும். அதாவது லைனரின் மேல் பகுதி, சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளைச் சுற்றியுள்ள இடம். எந்த இடம் முதலில் குளிர வேண்டுமோ அதே இடம்!

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லி கிராம் வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. அந்தத் தண்ணீரை 24 லிட்டர் பிடிக்கும் ஒரு கூலிங் சிஸ்டத்தில் ஒரு முறை நிரப்பினால் உள்ளே போகும் உப்பு சுமார் 14 கிராம். அத்தோடு நின்றால் பெரிய மோசமில்லை. ஆனால் ஒழுகுகிற ஹோஸை மாற்றாமல் தினம் ஒரு லிட்டர் வீதம் வருஷத்தில் 300 நாள் ஊற்றினால் அது 180 கிராம். அதில் பாதி படிந்தாலும் 90 கிராம். ஆக எதிரி முதலில் நிரப்பும் தண்ணீர் மட்டுமல்ல, தினமும் ஊற்றும் அந்த ஒரு லிட்டரும்தான்.

இனி அந்தப் படிவு என்ன செய்யும் என்று பாருங்கள். வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்து திறன் ஏறத்தாழ 50 என்றால், இந்த உப்புப் படிவுக்கு ஏறத்தாழ 2 (அலகு: மீட்டர் கெல்வினுக்கு வாட்). அதாவது 1 மில்லி மீட்டர் உப்பு, 25 மில்லி மீட்டர் கனமுள்ள வார்ப்பிரும்பு தடுக்கிற அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். ஹீட் டிரான்ஸ்பர் பாடத்தில் நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்பு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுப்பதால், டாஷ்போர்டு மீட்டர் ஓரளவு சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்போதும் உள்ளே லோகம் வெந்துகொண்டிருக்கலாம்.

இன்பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு ஆறு சிலிண்டர் என்ஜினைப் பிரித்தபோது வேறொரு கோளாறையும் கண்டேன். லைனரின் வெளிப்புறத்தில், ஒரே பக்கமாக, ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். துரு என்றுதான் நான் நினைத்தேன். மெக்கானிக் அண்ணன்தான் "இது குமிழி தின்னது" என்றார். வெட் லைனர் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. பிஸ்டன் பக்கவாட்டில் மோதும்போது லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் லைனரை ஒட்டி நுண்ணிய நீராவிக் குமிழிகள் தோன்றி உடனே உடைகின்றன. உடைகிற ஒவ்வொரு தடவையும் லோகத்தில் ஒரு துளி அரிபடும். இதுவே கேவிட்டேஷன். நாளடைவில் ஓட்டை விழுந்து தண்ணீர் சம்புக்கு இறங்கிவிடும். நல்ல டீசல் கூலன்ட்டில் உள்ள மருந்து லைனர் மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி இதைத் தடுக்கிறது. வெறும் தண்ணீருக்கு, அது எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், அந்தச் சக்தி கிடையாது.

"நம்ம ஊரு வெயிலுக்கு ஆன்டி ஃப்ரீஸ் எதுக்குப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. துருத் தடுப்பு ஒரு காரணம். கொதிநிலை இன்னொரு காரணம். எதிலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரி வரை கொதிக்காது. அதே கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நம் லாரிகள் தமிழ்நாட்டுக்குள்ளேயா சுற்றுகின்றன? ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் போகிறவர்களைக் கேளுங்கள். தண்ணீர் உறைந்தால் கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகும். பிளாக்கை வெடிக்க வைக்க அது போதும்.

அடுத்து தெர்மோஸ்டாட். பழைய டிரைவர்கள் பலருக்கு இது பிடிக்காத சாமான். "அதைக் கழட்டிப் போடு, வண்டி கூலா ஓடும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டால் நடுரோட்டில் நின்றவர்கள் அவர்கள். ஆனால் கழற்றுவது வைத்தியமல்ல. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும். ஏற்றத்தில் சூடு ஏறும், சமதரையில் என்ஜின் சூடே ஏறாமல் டீசல் தின்னும், லைனர் தேயும். ஆக இரண்டு பக்கமும் நஷ்டம். சோதிப்பது சுலபம். ஒரு பாத்திரத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். அதன் மேலேயே திறக்கும் டிகிரி பொறித்திருக்கும். 82 என்று இருந்தால் அதையொட்டித் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். இல்லையென்றால் புதிது போடுங்கள்.

இவ்வளவும் நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் அப்பா ஓட்டிய வண்டி பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது, அந்த 27 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டாமல், என்ஜின் சீஸ் ஆகி நின்றது. பிரித்துப் பார்த்தபோது தெர்மோஸ்டாட் இல்லை, தண்ணீர்ப் பாதை முழுக்க உப்பு. பல வருஷமாகப் பல டிரைவர்கள் ஓட்டிய வண்டி அது. ஆனால் கடைசியாக ஸ்டியரிங் பிடித்தவர் என்பதால் ஓனர் அப்பாவின் சம்பளத்தில்தான் பிடித்தார். அந்த வண்டியின் டாஷ்போர்டு பெட்டியில் மேனுவல் இருந்ததாம், கவர்கூடப் பிரிக்காமல். இங்கிலீஷில் இருந்த புத்தகம். இப்போது அப்பா ஓட்டும் வண்டியின் மேனுவலில் கூலிங் பகுதியை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். "இதையெல்லாம் அப்ப எங்களுக்கு யாரு சாமி சொல்லிக் குடுத்தா?" என்றார் அப்பா.

சரி, ஃப்ளஷிங் வேலைக்கு வருவோம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர், மூடி திறந்த அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியைக் கழற்றி, ரேடியேட்டரின் அடியிலுள்ள காக்கைத் திறங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டிரெயின் பிளக்கையும் திறங்கள். இந்த இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் பிளாக்கில் பழைய சகதி அப்படியே தங்கிவிடும்.

வடியும் தண்ணீரைக் கவனிப்பது பாதி நோய் கண்டறிதல். காவி நிறமா, துரு. எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்படுங்கள். அதைச் சரி செய்யாமல் ஃப்ளஷ் பண்ணுவது வீண். களி மாதிரி வந்தால் ஒத்துப்போகாத இரண்டு கூலன்ட்டைக் கலந்திருக்கலாம். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதற்குப் பொதுத் தரம் இல்லை.

வடித்ததைச் சாக்கடையில் விடக்கூடாது. எதிலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தரையில் தேங்கினால் நாயும் ஆடும் நக்கிவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே "விஷம்" என்று தமிழில் பெரிதாக எழுதி, வேஸ்ட் ஆயிலோடு சேர்க்காமல் தனியே வைத்து, ஒர்க்ஷாப் கழிவோடு முறைப்படி அனுப்ப வேண்டும்.

பிறகு சுத்தமான தண்ணீரும் ஃப்ளஷிங் மருந்தும் ஊற்றி, ஹீட்டர் இருந்தால் அதன் வால்வையும் திறந்து, என்ஜினை ஓட விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். திடீரென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் மருந்து முழுச் சுற்றும் சுற்றும். எவ்வளவு நேரம் என்பது டப்பாவில் எழுதியிருக்கும், அதை மீறாதீர்கள். காசு மிச்சம் என்று பாத்ரூம் கழுவும் ஆசிடை ஊற்றுகிற வேலை வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அலுமினியத்தைத் தின்றுவிடும். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்துக்கு எமன்தான். உப்புக்கும் துருவுக்கும் சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமில மருந்து, எண்ணெய்ப் பிசுக்குக்குக் கார மருந்து என்று தனித்தனியே உண்டு. அமில மருந்து போட்டால் அதை முறிக்கும் மருந்தும் போட்டாக வேண்டும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், சகதி அடியில் படிவதற்குள் வடித்து, தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடித்துவிடும், ஆகவே அவசரம் கூடாது. அதன்பின் ரிவர்ஸ் ஃப்ளஷ். இரண்டு ஹோஸையும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டரில் கீழ்வாய் வழியே தண்ணீர் விட்டு மேல்வாய் வழியே எடுக்க வேண்டும். பிளாக்கில் தெர்மோஸ்டாட் இருந்த இடம் வழியே விட்டு, பம்ப் வாய் வழியே எடுக்க வேண்டும். தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு நேர் எதிர். வாய்க்காலில் அடைத்த சருகை எதிர்ப்பக்கமிருந்து தள்ளுவது போல. காற்றழுத்தம் கொடுப்பதானால் ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். பழைய பித்தளை, தாமிர ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்து ராடு விட்டுக் குத்தி எடுக்கும் பட்டறைகள் உண்டு. பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அது நடக்காது.

நிரப்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 24 லிட்டர் சிஸ்டத்தில் கழுவிய பிறகும் மூலை முடுக்கில் 4 லிட்டர் தண்ணீர் தங்கிவிட்டது என்று வையுங்கள். மேலே பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலன்ட் 20 லிட்டர் ஊற்றினால் கிளைக்கால் 10 லிட்டர்தான். 24-க்கு 10 என்றால் 42 சதவீதம். அதற்குப் பதில் கலக்காத கூலன்ட் 12 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் சரியாக 50 வரும். மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேறும் ஸ்குரூ இருந்தால் திறந்து வையுங்கள். காற்று மாட்டிக்கொண்டால் மட்டம் சரியாகத் தெரியும், ஓடும்போது ஹெட் வறண்டுவிடும். ஒரு முறை ஓட்டி ஆறவிட்டு மறுபடி மட்டம் பாருங்கள்.

மூடியையும் சும்மா விடாதீர்கள். அதில் அழுத்த வால்வு, வேக்குவம் வால்வு என்று இரண்டு உண்டு. வண்டி ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் வேக்குவம் வால்வு மாட்டிக்கொண்டது. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் தண்ணீர் கசிந்தால் சீல் போய்விட்டது. சிலர் அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்கிறார்கள்! தண்ணீர் அப்புறம் பேரிங்குக்குப் போகும். ரேடியேட்டருக்கு வெளியே வைக்கோலும் பூச்சியும் அடைத்திருந்தால் என்ஜின் பக்கமிருந்து முன்புறமாகக் காற்றடியுங்கள். எதிர்ப்பக்கம் அடித்தால் இன்னும் உள்ளே போய் உட்காரும்.

2017-க்குப் பிறகு வந்த பி.எஸ். 4, 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கவனம் கூடவே தேவை. புகையைத் திருப்பி விடும் இ.ஜி.ஆர். அமைப்பு உள்ள என்ஜின்களில் அந்தப் புகையைக் குளிரவைப்பதும் இதே கூலன்ட்தான். அந்தக் குறுகலான குழாய்களில் உப்பு ஏறினால் கூலரே வெடித்து, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். யூரியா கலந்த டி.இ.எஃப். கேனும் கூலன்ட் கேனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மாற்றி ஊற்றிவிடாமல் பார்க்க வேண்டும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்பது கூலன்ட்டின் வகையைப் பொறுத்தது. சாதாரண வகைக்குப் பொதுவாக 2 வருஷம், லாங் லைஃப் வகைக்கு அதற்கு மேல். மேனுவல் சொல்வதே முடிவு. இடையில் பி.எச். காகிதத்தால் பாருங்கள். 7-க்குக் கீழே இறங்கினால் கூலன்ட் அமிலமாகிவிட்டது, உடனே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஒரு அட்டையில் தேதி, கிலோ மீட்டர், கூலன்ட்டின் பெயர், கலந்த விகிதம், அடுத்து மாற்ற வேண்டிய மாதம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி ரேடியேட்டர் மூடி கண்ணில் படும் இடத்தில் கட்டுங்கள். கேபினில் ஒரு 5 லிட்டர் கேனில் அதே கலவையைக் கலந்து வைத்துவிட்டால், கிளீனர் குடத்தோடு போர் குழாயைத் தேட வேண்டியதில்லை.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு