படை எப்போது புறமுதுகு காட்டும்?

கேள்வி: நானும் என் நண்பரும் வாட்டர்லூ போரை மேசையில் ஆடுகிறோம். காய்கள் கடைசி ஆள் வரை நின்று சாகின்றன. மன உறுதிக்காக ஒரு விதி சேர்த்தோம்: ஒரு பிரிவில் பாதிப் பேர் இறந்ததும் ஒரு பகடை உருட்ட வேண்டும், 1, 2, 3 விழுந்தால் அந்தப் பிரிவு ஓடும். இப்போது ஆட்டம் சீட்டுக்குலுக்கல் போல ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், கோவை

பதில்: உங்கள் விதி செத்தவர்களை எண்ணுகிறது. போர்க்களத்தில் நிற்பவன் அவர்களை எண்ணுவதில்லை. பக்கத்துப் பிரிவு நிற்கிறதா, ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறான்.

நீங்கள் ஆடும் போரையே பாருங்கள். 1815 ஜூன் 18. வலப்புறம் வருவது மார்ஷல் குரூஷியின் பிரெஞ்சுப் படை என்று வீரர்களிடம் சொல்லச் சொன்னார் நெப்போலியன். உண்மையில் வந்தவர்கள் பிரஷ்யர்கள். மாலை ஏழு மணிக்கு மேல் பேரரசரின் காவல் படை மேட்டில் ஏறியது. மேட்டுக்குப் பின்னால் படுத்துக் கிடந்த பிரிட்டிஷ் காவல் படையினர் சட்டென எழுந்து கிட்டத்திலிருந்து சுட்டார்கள். பிரிட்டிஷ் 52ஆம் ரெஜிமென்ட் திரும்பி விலாவில் தாக்கியது. பேரரசரின் காவல் படை பின்வாங்குவதைக் கண்டதும், பகல் முழுக்கத் தாக்குப்பிடித்த மற்றப் பிரெஞ்சுப் பிரிவுகளும் கலைந்தன. துரோகம் என்ற கூச்சல் எழுந்தது. அத்தனை குழப்பத்திலும் பழைய காவல் படையின் சில பிரிவுகள் சதுரமாக அணிவகுத்து நின்று, ஓடுபவர்களுக்குப் பின்னால் அரணாக இருந்தன.

இதை மேசைக்குக் கொண்டுவர மூன்று மாற்றங்கள் போதும்.

முதலாவது, இரண்டு பகடை உருட்டிக் கூட்டுங்கள். ஒற்றைப் பகடையில் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. சீட்டுக்குலுக்கல் உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. இரண்டில் நடு எண்களே அதிகம் விழும். சாதாரணப் பிரிவுக்கு உறுதி எண் 7, காவல் படைக்கு 9 என்று வையுங்கள். கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குள் வந்தால் பிரிவு நிற்கும். 7க்கு 36இல் 21 வாய்ப்பு, 9க்கு 30.

இரண்டாவது, எண்ணை நிலைமை மாற்றட்டும். விலாவில் எதிரி என்றால் 2 குறையுங்கள். பக்கத்துப் பிரிவு ஓடினால் 1. அதிகாரி கூடவே நின்றால் 1 கூட்டுங்கள். விலாவில் தாக்கப்பட்ட 7, 5 ஆகிவிடும். நிற்க 36இல் 10 வாய்ப்புதான். இனி உங்கள் நண்பர் பகடையை நம்பி உட்காரமாட்டார். உங்கள் விலாவைத் தேடி வருவார்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. ஒரு பிரிவு ஓடினால் பக்கத்துப் பிரிவுகளுக்கும் பகடை உருட்டிச் சோதிக்கவேண்டும். ஓடியது காவல் படையாக இருந்தால், அதைப் பார்க்க முடிந்த எல்லாப் பிரிவுகளுக்கும் உருட்டவேண்டும். மலைபோல் நம்பியவர்கள் சரிந்தால் மற்றவர்களுக்கு நம்ப வேறு ஏது? அதனால் காவல் படையை எப்போது இறக்குவது என்பது உங்கள் ஆட்டத்தின் மிகப் பெரிய முடிவாகிவிடும். நெப்போலியனுக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

ஓடிய காயை மேசையிலிருந்து எடுக்காதீர்கள். முதுகு எதிரியைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அது பின்னால் போகட்டும். எதிரியின் பார்வைக்கு மறைவாக, அதிகாரி அருகில் வந்தால் மறுபடி உருட்டலாம். 1977இல் வந்த ஜான் ஹில்லின் 'ஸ்குவாட் லீடர்' ஆட்டத்திலும் உடைந்த பிரிவைத் திரட்ட ஒரு தலைவன் வேண்டும். ஓடுகிறவர்களை எதிரி எட்டிப் பிடித்தால் மட்டும் இழப்பு கடுமையாக இருக்கட்டும். பழங்காலப் போர்களில் பெருங்கொலை நடந்தது ஒரு பக்கம் முதுகு காட்டிய பிறகுதான் என்று பிரெஞ்சு அதிகாரி ஆர்தான் து பிக் எழுதியிருக்கிறார்.

விதி சரியா என்று அறிய ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்தின் காய்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் உயிரோடு மேசையில் இருந்தும் போர் முடிந்திருந்தால், சரியான பாதையில் இருக்கிறீர்கள்.