பெயர் மாறிய கோப்புறையும் வழிதவறிய கோப்பும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான மாணவர் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் பணி எங்கள் பள்ளியில் நடந்துகொண்டிருந்தது. அச்சுப்படியைக் காட்டிப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தோம். கட்டட வேலைக்குச் செல்லும் தந்தை ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். தாளைப் பார்த்தவர், "சார், பாப்பாவோட இனிஷியல் 'மா'னு வரணும். இதுல 'மு'னு இருக்கு. போன வாரமே டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போனேனே" என்றார்.

வகுப்பாசிரியர் திருத்தத்தான் செய்திருந்தார். தம் மடிக்கணினியில் கோப்பைத் திறந்து காட்டினார். அதில் 'மா' என்றே இருந்தது. அலுவலகக் கணினியில் 'மு' என்று இருந்தது. இரண்டும் ஒரே கோப்பு என்றுதான் அதுவரை நாங்கள் நம்பியிருந்தோம். தேடிப் பார்த்ததில் காரணம் நான்தான் என்று தெரிந்தது. பத்து நாட்களுக்கு முன், நாங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கூகுள் டிரைவில் '10 வகுப்பு' என்றிருந்த உட்கோப்புறையின் பெயரை 'பொதுத்தேர்வுப் பணிகள்' என்று மாற்றியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெயர்தானே என்று நினைத்துவிட்டேன்.

இன்று பல பள்ளிகளிலும் பதிவேடுகள் இப்படிப் பகிரப்படுகின்றன. இந்தச் சிக்கல் ஏன் வருகிறது, வந்தால் எப்படிச் சரிசெய்வது, வராமல் தடுப்பது எப்படி என்பதை நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

பெயர் வேறு, எண் வேறு

நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண் உண்டு. பெயரில் எழுத்து திருத்தினாலும், வேறு பள்ளிக்குச் சென்றாலும் அந்த எண் மாறுவதில்லை. கூகுள் டிரைவும் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் இப்படியே ஓர் அடையாளக் குறியீட்டை வைத்திருக்கிறது. உலாவியில் ஒரு கோப்புறையைத் திறந்தால், முகவரிப் பட்டையின் இறுதியில் நீளமாகத் தெரியும் எழுத்தும் எண்ணும் கலந்த தொடர் அதுதான். பெயரை மாற்றினாலும் அந்தக் குறியீடு மாறாது. அதனால் உலாவியிலும் கைப்பேசிச் செயலியிலும் பணியாற்றியவர்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. வாட்ஸ்ஆப்பில் முன்பு அனுப்பிய இணைப்பும் வேலை செய்தது. பகிர்வு அனுமதிகளும் அப்படியே இருந்தன.

ஆனால் விண்டோஸ் கணினி கோப்பைத் தேடுவது பெயரால். 'ஜி' டிரைவ், அதற்குள் இந்தக் கோப்புறை, அதற்குள் இந்த உட்கோப்புறை, அதற்குள் இந்தக் கோப்பு என்று பாதையை அது நினைவில் வைத்திருக்கிறது. தெருப் பெயரை மாற்றிய பிறகு பழைய முகவரியுடன் வீடு தேடுபவரைப்போல, பாதையில் ஒரு பெயர் மாறினாலும் அது வழியைத் தவறவிடும்.

எவை எவை அறுந்துபோகும்?

டிரைவின் கணினிச் செயலியைப் பயன்படுத்துவோருக்குப் பின்வருபவை பாதிக்கப்படும்.

• திரையில் நாம் வைத்திருக்கும் சுருக்குவழிப் படங்கள்.
• எக்செல், வேர்டு ஆகியவற்றில் 'அண்மையில் திறந்தவை' என்ற பட்டியல்.
• ஓர் எக்செல் கோப்பிலிருந்து மற்றொன்றின் மதிப்பெண்களை எடுத்துவரும் வாய்பாடுகள். இவற்றில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும்.
• பெயர் மாற்றும் நேரத்தில் வேறொரு கணினியில் திறந்திருந்த கோப்புகள்.

இவை அறுவதால் மட்டும் தரவு தொலைவதில்லை. அடுத்து நாம் செய்யும் செயலில்தான் ஆபத்து இருக்கிறது. எங்கள் வகுப்பாசிரியர் திரையிலிருந்த படத்தைச் சொடுக்கினார். 'கோப்பு இல்லை' என்று வந்தது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைத்து, தம் 'எனது டிரைவ்' பகுதியில் '10 வகுப்பு' என்ற பழைய பெயரிலேயே புதிய கோப்புறையை உருவாக்கினார். மின்னஞ்சலில் முன்பு வந்திருந்த படியை அதில் வைத்துத் திருத்தினார். பெயர் பழையது, ஆனால் குறியீடு புதியது. அது யாருடனும் பகிரப்படாத கோப்புறை. அவர் செய்த திருத்தம் எதுவும் அலுவலகத்துக்கு வர வழியே இல்லை.

சரிசெய்யும் முறை

1. முதலில் எல்லோரும் கையை எடுக்கவும். சிக்கல் தெரிந்தவுடன் அந்தக் கோப்பில் யாரும் எழுத வேண்டாம் என்று பள்ளிக் குழுவில் தெரிவியுங்கள். அழிப்பதும் நகர்த்துவதும் வேண்டாம்.

2. உலாவியில் பாருங்கள். கணினியில் தெரிவது நகல். உலாவியில் டிரைவைத் திறந்தால் தெரிவதே மூலம். கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, 'விவரங்கள்' பகுதியில் 'செயல்பாடு' என்பதைப் பாருங்கள். யார், எப்போது பெயர் மாற்றினார், எதை நகர்த்தினார் என்பது அங்கே இருக்கும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அன்று; எந்த நாளிலிருந்து கோப்புகள் பிரிந்தன என்பதை அறியவே இது தேவை.

3. ஒத்திசைவு முடிந்ததா என்று பாருங்கள். கடிகாரத்துக்கு அருகிலுள்ள டிரைவ் படத்தைச் சொடுக்கினால், நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா, பிழை ஏதும் உள்ளதா, பதிவேற்றம் காத்திருக்கிறதா என்பது தெரியும். இணையம் வேகமாக உள்ள இடத்தில் அது முடியும்வரை காத்திருங்கள். முடிவதற்கு முன் கணக்கைத் துண்டிப்பதோ செயலியை நீக்குவதோ கூடாது. மேலே ஏறாத திருத்தம் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும்.

4. வழிதவறிய படிகளைத் திரட்டுங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தம் கணினியில் கோப்பின் பெயரைத் தேட வேண்டும். 'ஆவணங்கள்', 'பதிவிறக்கங்கள்', திரை, 'எனது டிரைவ்', டிரைவின் குப்பைத்தொட்டி ஆகிய ஐந்து இடங்களையும் பார்க்க வேண்டும். குப்பைத்தொட்டியில் போட்டவை 30 நாட்களில் நிலையாக அழிந்துவிடும். எனவே நாளைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம்.

5. ஒப்பிட்டுச் சேருங்கள். 'கடைசியாகச் சேமித்ததுதான் சரியானது' என்று ஒரு படியை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது பெரிய தவறு. எங்களுக்கு இரண்டு படிகளிலுமே சரியான திருத்தங்கள் இருந்தன. இரண்டு பட்டியல்களையும் ஒரே எக்செல் கோப்பில் இரு தாள்களாக வைத்து, எமிஸ் எண் வரிசையில் அடுக்கினோம். இரண்டிலும் அதே மாணவர்கள் அதே வரிசையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மூன்றாவது தாளில் 'எக்ஸாக்ட்' வாய்பாட்டால் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டோம். இரண்டும் ஒத்திருந்தால் 'ட்ரூ', மாறினால் 'ஃபால்ஸ்' என்று வரும். மாறிய இடங்களை மட்டும் சேர்க்கைப் பதிவேட்டுடன் சரிபார்த்தோம்.

6. பழைய பதிப்பு வேண்டுமானால் மீட்கலாம். கூகுள் ஷீட்ஸ் கோப்புக்குப் 'பதிப்பு வரலாறு' உண்டு. பதிவேற்றிய எக்செல் கோப்பாக இருந்தால் 'பதிப்புகளை நிர்வகி' என்பதில் முந்தைய வடிவங்கள் கிடைக்கும். அவை பொதுவாக 30 நாட்கள் அல்லது 100 பதிப்புகள் வரையே வைக்கப்படும்.

7. இணைப்புகளைப் புதுப்பியுங்கள். திரையிலுள்ள பழைய சுருக்குவழிகளை நீக்கிப் புதிதாக உருவாக்குங்கள். எக்செல் வாய்பாடுகளுக்கு, 'தரவு' பகுதியில் 'இணைப்புகளைத் திருத்து' என்பதில் மூலக் கோப்பின் புதிய இடத்தைக் காட்டுங்கள். டிரைவுக்குள் நாம் சேர்த்த சுருக்குவழி பழைய பெயரையே தாங்கி நிற்கும். அது சரியான இடத்துக்கே செல்லும் என்றாலும், குழப்பம் வராமலிருக்க அதன் பெயரையும் மாற்றிவிடுங்கள்.

8. எல்லாம் சேர்ந்த பிறகே, வழிதவறிய கோப்புறையின் பெயருக்கு முன் 'பழையது' என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அழிக்கலாம்.

தமிழில் பெயரிடும்போது

கோப்புறைகளுக்குத் தமிழில் பெயரிடுவது நல்ல வழக்கம், விடவேண்டியதில்லை. இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். 'மதிப்பெண்' என்பது நம் கணக்கில் 5 எழுத்து. கணினி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவதால் அதன் கணக்கில் அது 9. விண்டோஸில் முழுப் பாதையும் பொதுவாக 260 குறிகளுக்குள் இருக்க வேண்டும். எக்செல் கோப்புக்கோ 218 தான் எல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தாறு கோப்புறைகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீண்ட பெயர் சூட்டினால், பெயர் மாற்றிய அன்றே கோப்பு திறக்க மறுக்கக்கூடும். மேலும், ஆண்டை '2025/26' என்று சாய்கோடிட்டு எழுதாமல் '2025-26' என்றே எழுதுங்கள். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை.

வருமுன் காப்போம்

எங்கள் பள்ளியில் இப்போது சில வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறோம். பெயர் மாற்றும் பொறுப்பு ஒருவருக்கே உரியது. மாற்றம் கல்வியாண்டின் தொடக்கத்தில் மட்டுமே, அதுவும் முந்தைய நாள் அறிவித்து, எல்லோரும் கோப்புகளை மூடிய பிறகு, மாலையில். ஆண்டுதோறும் பழைய கோப்புறைக்குப் புதுப் பெயர் சூட்டாமல், புதிய ஆண்டுக்குப் புதிய கோப்புறையைப் பகிர்ந்த இடத்துக்குள்ளேயே உருவாக்குகிறோம். முதன்மைக் கோப்புறை எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதைத் தலைமையாசிரியர் அறிந்திருக்கிறார். ஆசிரியர் மாறுதலில் செல்லும்போது அதன் உரிமையும் முறைப்படி மாற்றப்படுகிறது. 'இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற அனுமதி மாணவர் விவரங்கள் உள்ள எந்தக் கோப்புறைக்கும் தரப்படுவதில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

இதை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளையில் மாணவர்களுக்கும் கற்பிக்கலாம். மாணவர்களை நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதிலுள்ள கோப்புக்குத் திரையில் சுருக்குவழி வைக்கட்டும். பிறகு கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுச் சுருக்குவழியைச் சொடுக்கட்டும். கணினியின் உள்வட்டில் செய்யும்போது சில வேளைகளில் விண்டோஸே புதிய இடத்தைக் கண்டுபிடித்துவிடும். டிரைவில் அப்படி எதிர்பார்க்க முடியாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று குழுவாரியாகச் சொல்லச் செய்யுங்கள். 'பெயர் மாறியும் மாறாதது எது?' என்ற கேள்வியுடன் பாடத்தை முடிக்கலாம்.

அன்று அந்தத் தந்தையை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னோம். ஒப்பிட்டுப் பார்த்ததில் அவருடைய மகளுடன் இன்னும் இரண்டு பிள்ளைகளின் திருத்தங்களும் அந்தத் தனிக் கோப்புறையிலேயே கிடந்தது தெரிந்தது. அவர்களின் பெற்றோர் முதல் நாளே கையொப்பமிட்டுச் சென்றிருந்தார்கள், அவர்கள் கவனிக்கவில்லை. புதிய அச்சுப்படியில் 'மா' என்பதை விரல் வைத்துப் பார்த்துவிட்டு அவர் கையொப்பமிட்டார். சான்றிதழில் அச்சேறிய பிறகு ஓர் எழுத்தைத் திருத்த அந்தக் குடும்பம் எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கோப்புறையின் பெயரை மாற்றும் முன் சக ஆசிரியர்களுக்கு ஒரு வரி தெரிவிக்க அரை நிமிடம்கூட ஆகாது.