சர்வரில் கை வைக்குமுன்

கண்ணு, உங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவித் தருவதாக ஒப்புக்கொண்டாயாமே, சந்தோஷம். 2000-ஆம் ஆண்டு பிறந்தால் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்ற பயத்தில், நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தார் 1999-ல் எழுதவைத்தது அது. மறு ஜனவரியில் ஓடவிட்டார்கள். அதோடு நிற்காமல், யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மூல நிரலையே திறந்து கொடுத்தார்கள். அந்தப் பெரிய மனசுக்கு ஏற்றபடி வேலை செய்.

1. முதலில் கையேட்டைப் படி. யாரோ என்றோ போட்ட வீடியோவைப் பார்த்துக் கட்டளைகளை ஒட்டாதே. மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன, வீடியோ பழசாகிவிடும். ஒவ்வொரு வரி ஓடியதும் திரை என்ன சொல்கிறது என்று பார், பிறகு அடுத்ததற்குப் போ. பதறிய காரியம் சிதறும்.

2. ரூட் அதிகாரம் கைக்கு வந்ததும் அடக்கமும் வரவேண்டும். ‘பெர்மிஷன் டினைடு’ என்று வந்தால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கட்டளையை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கோஹாவின் கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல் அப்படியே எழுத்தில் இருக்கிறது. 777 போட்டால் அந்த சர்வரில் நுழையும் எவரும் அதைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். சர்வர் மறுத்தால், ஏன் மறுக்கிறது என்று கேட்டுப் பழகு.

3. தமிழ்ப் புத்தகம் ஒன்றை முதல் நாளே பதிவுசெய்து, தேடிப் பார். ஒரு நூலகத்தில் ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் சோதித்துவிட்டு, ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்து வாங்கிப் போனார்கள். தமிழ்த் தலைப்பைத் தட்டிய மாணவிக்கு ஒன்றும் வரவில்லை. புத்தகமோ எதிர் அலமாரியிலேயே இருந்தது. தேடலுக்கான ஸீப்ரா இன்டெக்ஸ், யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அமைப்பை மாற்றி, இன்டெக்ஸை முழுக்க மறுபடி கட்டியதும் வந்தது. யாருக்காக நிறுவுகிறாயோ அவர்கள் விரல் எதைத் தட்டும் என்று யோசி. நல்ல நிர்வாகி என்று நான் சொல்வது இந்த யோசனை உள்ளவரைத்தான்.

4. பிழை வந்தால் லாக்கைப் பார். மறைக்காமல் நூலகரிடம் சொல்.

5. பேக்கப்பை நம்பாதே, மீட்டுப் பார்த்து நம்பு. டெபியன் லினக்ஸில் கோஹா தானாகவே தினமும் பேக்கப் எடுக்கும். ஆனால் அதை அந்தச் சர்வருக்குள்ளேயே வைக்கும், அதுவும் இரண்டு நாள் கணக்குக்குத்தான். ஒரு கல்லூரியில் டிஸ்க் போனது, பேக்கப்பும் கூடவே போனது. அட்டை அட்டையாகத் தட்டச்சு செய்தவர்கள் கண்ணீரை நான் பார்த்தேன். தினம் ஒரு பிரதி வேறு கணினிக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை அதை எடுத்து இன்னொரு கணினியில் ஏற்று, புத்தக எண்ணிக்கையைச் சரிபார்.

6. செய்ததையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி நூலகரிடம் கொடு. நாளை உனக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கலாம், நூலகம் இங்கேதான் இருக்கும். ‘என்னைத் தவிர யாருக்கும் தெரியாது’ என்பதில் பெருமைப்படும் ஆட்களோடு சேராதே.

சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, கண்ணு. ராத்திரி பத்து மணிக்கு மேல் என்றால், லாக்கைப் படித்துவிட்டுக் கூப்பிடு.